பிள்ளையின் பையில் கூல் லிப்: அடிப்பதா, அனுப்புவதா, உட்கார்ந்து பேசுவதா?

போன வருடம் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டாவது பீரியட் முடித்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்தால், என் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் எதையோ வைத்தார். டீத்தூள் பை மாதிரி, ஆனால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம். புதினா வாசனை அடித்தது. "ஜாமெட்ரி பாக்ஸ்ல, காம்பஸ் வைக்கிற பள்ளத்துல இருந்துச்சு டீச்சர். மிட்டாய்னு நெனச்சேன். என் தம்பிதான் பார்த்துட்டு, அக்கா இது கூல் லிப்புன்னு சொன்னான்."

கூல் லிப் புகையிலைதான். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டால் வகுப்பில் உட்கார்ந்தபடியே நிக்கோட்டின் ஏறும். புகை கிடையாது, வாயில் நாற்றமும் தெரியாது. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது. இருந்தும், பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் இவ்வளவு பரவியது எப்படி என்று 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுகளைக் கேட்க வேண்டியிருந்தது. எங்கள் பள்ளிக் கழிப்பறையைக் கூட்டும் அக்காவைக் கேட்டால் போதும், காலையில் எத்தனை பொட்டலம் வாரிப் போட்டார் என்று சொல்லிவிடுவார்.

முந்தின இரவு அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். அப்பா பெல்ட்டைக் கையில் எடுத்துவிட்டார். தாத்தா, தூரத்தில் எங்காவது ஹாஸ்டலில் போட்டுவிடலாம் என்றார். சித்தப்பாவுக்கு ஒரு போலீஸ்காரரைத் தெரியுமாம், கூப்பிட்டு இரண்டு தட்டு தட்டச் சொல்லலாம் என்றார். பக்கத்து வீட்டுக்காரர், தன் அண்ணனைச் சேர்த்திருந்த மறுவாழ்வு மையத்தின் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "எது சரி டீச்சர்?" என்று கேட்டார் அந்த அம்மா.

இருபது வருட வேலையில் இதே கேள்வியோடு வந்த பெற்றோர் நிறையப் பேர். அன்று அவரிடம் சொன்னதையும், மணி அடித்துவிட்டதால் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எந்த வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுவேன். இதைச் செய்த பிறகு, மறுபடி ஒரு தப்பு நடந்தால் ஓடிவந்து சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆளாவது மிஞ்சுவாரா?

முதலில், எது, எவ்வளவு

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தெரிய வேண்டியது இது. நண்பன் கொடுத்து ஒரு தடவை வாயில் வைத்த பிள்ளையும், காலையில் எழுந்ததும் அது இல்லாவிட்டால் கை நடுங்குகிற பிள்ளையும் ஒன்றல்ல. புகையிலையா, கஞ்சாவா, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனா, வலி மாத்திரையா, மதுவா என்பதைப் பொறுத்து ஆபத்தும் மாறும், செய்ய வேண்டியதும் மாறும்.

முகர்கிற பொருளைப் பெரியவர்கள் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒயிட்னர்தானே, சொல்யூஷன்தானே என்று விட்டுவிடுகிறார்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வில், பெரியவர்களை விடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்ட போதை அது. 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 1.7 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். அதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைத் திடீரென்று அதட்டி விரட்டினால், பயத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகி அந்த இடத்திலேயே உயிர் போகக்கூடும். முதல் தடவை முகர்ந்த பிள்ளைக்கும் அது நடக்கலாம். கையில் துணியோடு பார்த்தால் கத்தாமல் கிட்டே போய், காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, கூடவே இருங்கள். கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எது எவ்வளவு என்று யார் கேட்டால் அவன் உண்மையைச் சொல்வான்? அப்பா கேட்டால், "ஒரே ஒரு தடவைதான்பா." போலீஸ் கேட்டால், "என்னுது இல்ல சார், ஃப்ரெண்டோடது." நான் கேட்டால் தரையைப் பார்ப்பான். டாக்டர் கேட்டாலும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பாதிதான் வெளியே வரும். ஆக, வழியைத் தேர்ந்தெடுக்கத் தேவையான தகவலே, அவன் நம்புகிற ஒருவர் மூலமாகத்தான் கிடைக்கும்.

அடி, காவல், பரிசோதனை

அடித்தால் நிறுத்திவிடுவான் என்று நினைக்கிற அப்பாக்களை நான் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பயந்துபோயிருக்கிறார்கள், அந்தப் பயம் கை வழியாக இறங்குகிறது. ஆனால் அடி வாங்கிய பிள்ளை விடுவதைக் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒளிப்பதைக் கற்றுக்கொள்கிறான். ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது சைக்கிள் சீட்டுக்கு அடியில் போகும், அங்கிருந்து நண்பன் வீட்டுக்குப் போகும். போனைப் பிடுங்கிவிட்டால், அவன் யாரோடு சுற்றுகிறான் என்று உங்களுக்குத் தெரிந்திருந்த கொஞ்சமும் தெரியாமல் போகும்.

இப்போது இன்னொன்றும் வந்திருக்கிறது. மெடிக்கலில் வாங்கி வீட்டிலேயே சிறுநீர் பார்க்கிற கிட். வாரம் ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி என்று ஒரு அப்பா என்னிடம் சொன்னார். கஞ்சாவை எப்போதாவது இழுத்தவனுக்குச் சில நாளில் சிறுநீரிலிருந்து போய்விடும், தினமும் இழுத்தவனுக்கு நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் காட்டும். அதனால் உண்மையாக விட்ட பையன் அந்த வாரமே பொய்யன் ஆகிவிடுகிறான். கூல் லிப்பையும் சொல்யூஷனையும் பெரும்பாலான கிட் காட்டுவதே இல்லை. மருத்துவர், பிள்ளைக்கும் தெரிந்து, சிகிச்சையின் பகுதியாகப் பார்க்கிற பரிசோதனை வேறு. வீட்டுக் கழிப்பறை வாசலில் அப்பா கப்போடு நிற்பது வேறு.

அதற்காக வீட்டில் விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவு ஒன்பதுக்குள் வீடு, கையில் அளவான காசு, எங்கே போகிறாய் என்ற கேள்வி எல்லாம் இருக்க வேண்டும். அடி இல்லாமலும் இவை நடக்கும்.

டி.சி.யும் ஹாஸ்டலும்

இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில், மதிய இடைவேளையில் கிணற்றடிப் பக்கம் கைக்குட்டையில் சொல்யூஷன் ஊற்றி முகர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பையனை நான்தான் பிடித்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். மற்ற பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன். மூன்று நாளில் டி.சி. கொடுத்து அனுப்பினார்கள். அவன் வேறு எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. அடுத்த வருடம் தண்ணீர் கேன் வண்டியில் பின்னால் நின்றுகொண்டு போவதைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தினமும் ஏழு மணி நேரம் பெரியவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த பிள்ளையை, யார் கண்ணிலும் படாத இடத்துக்கு அனுப்பினோம்.

எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஒன்பதாவதிலிருந்து அந்தப் பாதுகாப்பு இல்லை. பிள்ளைகள் வழுக்குகிற வயதும் அதுதான். உங்கள் பிள்ளைக்கு டி.சி. கொடுப்போம் என்று சொன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலைகுனிந்து வராதீர்கள். மருத்துவரிடம் காட்டுகிறோம், மாதம் ஒரு முறை நாங்களே வந்து வகுப்பாசிரியரைப் பார்க்கிறோம், பிள்ளை இங்கேயே படிக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். நான் பார்த்தவரை, பாதி தலைமையாசிரியர்களாவது இறங்கி வருவார்கள்.

ஹாஸ்டல் விஷயத்தில் நான் அவ்வளவு கறாராக இல்லை. தெருவிலேயே விற்கிறார்கள், கூட்டாளிகள் எல்லாரும் அதே பழக்கம் என்றால் இடம் மாறுவது உதவும். ஆனால் அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பாட்டி வீடு, அத்தை வீடு, அவனை ஏற்கெனவே தெரிந்த விளையாட்டுப் பயிற்சியாளர் இருக்கிற விடுதி என்றால் சரி. முகம் தெரியாத விடுதியில், புதுப் பையன் முதலில் போய் ஒட்டிக்கொள்வது யாரிடம் என்று யோசித்துப் பாருங்கள்.

போலீஸ்

போலீஸ் தேவை, ஆனால் பிள்ளைமேல் ஏவுவதற்கு அல்ல. விற்றவன்மேல். பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தவருக்கு ஏழு வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் விதிக்க 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77ஆவது பிரிவு, இடம் கொடுக்கிறது. பிள்ளையை வைத்து விற்கச் சொன்னால் அடுத்த பிரிவில் அதே தண்டனை. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதே குற்றம். பெட்டிக்கடையைப் பற்றிப் புகார் கொடுங்கள், அதில் தயக்கம் வேண்டாம். பிள்ளையின் பெயர் அதில் வர வேண்டிய அவசியம் இல்லை.

பிள்ளையையே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் மிரட்ட வைப்பது வேறு கதை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரை லாக்கப்பில் வைக்கவே சட்டம் இடம் கொடுக்கவில்லை. தெரிந்த போலீஸ்காரர், சும்மா ஒரு பயம் காட்டுவார் என்பதெல்லாம் கணக்கில் வராத அடியாகத்தான் முடியும். கஞ்சாவோடு பிடிபட்டே விட்டான் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தானாகச் சிகிச்சைக்கு வரும் அடிமையானவரை, உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கிலிருந்து விடுவிக்க அது வழி செய்கிறது. வக்கீலிடம் அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். இலவசச் சட்ட உதவி மையத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

விழிப்புணர்வு ஊர்வலம், அழுகிய நுரையீரல் படம், முன்னாள் அடிமை வந்து கண்ணீர் விட்டுப் பேசுவது. இதையும் சிலர் ஒரு வழியாகச் சொல்கிறார்கள். 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் போலீஸ்காரர்கள் வகுப்புக்கு வந்து பாடம் நடத்தும் திட்டம் தொடங்கி, அமெரிக்கா முழுக்கப் பரவியது. பிறகு வந்த ஆய்வுகளில், அந்தப் பாடம் கேட்ட பிள்ளைகளும் கேட்காத பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் போதையைத் தொட்டிருந்தார்கள். எங்கள் பள்ளியிலும் உறுதிமொழி எடுக்கிறோம். எடுக்கட்டும். ஆனால் ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளைக்கு அது மருந்தாகாது.

மறுவாழ்வு மையம்

பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கார்டை அந்த அம்மா என்னிடம் நீட்டினார். "மூணு மாசம் உள்ளேயே வெச்சிருப்பாங்களாம். வண்டி அனுப்பி அவங்களே வந்து கூட்டிட்டுப் போவாங்களாம்." அந்த வண்டியைப் பற்றிக் கேட்டதுமே எனக்கு வயிறு கலங்கியது. தூங்குகிற பிள்ளையை நான்கு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவதும், அதை அப்பா அம்மா கதவோரம் நின்று பார்ப்பதும் ஒரு தடவை நடந்துவிட்டால், அந்தப் பிள்ளை அந்த வீட்டில் மறுபடி எப்படித் தூங்கும்?

எல்லா மையமும் அப்படியில்லை. சென்னை இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் மாதிரி, குடிநோயை மருத்துவமாகவும் குடும்பத்தின் விஷயமாகவும் பார்க்கக் கற்றுக்கொடுத்த இடங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் ஊருக்கு ஊர் வாடகை வீட்டில் கம்பிக் கதவு போட்டு நடத்துகிறவையும் இருக்கின்றன. அங்கே நாற்பது வயதுக் குடிகாரரோடு பதினைந்து வயதுப் பிள்ளையைப் படுக்க வைத்தால், உள்ளே போகும்போது கூல் லிப் மட்டும் தெரிந்தவன் வெளியே வரும்போது பத்துப் பெயர் தெரிந்துகொண்டு வருவான்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைச் சிகிச்சைக்கும் பொருந்தும். அதன்படி, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரைச் சேர்க்க வேண்டுமென்றால் பெற்றோர் விண்ணப்பித்தால் மட்டும் போதாது. இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து, அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருந்து, உள்ளே சேர்த்தே ஆக வேண்டும் என்று சொல்ல வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துத் தங்க வைக்கக் கூடாது. பெற்றோரோ, அவர்கள் சார்பில் ஒருவரோ கூடவே தங்க வேண்டும். ஆக, மூன்று மாதத்துக்கு நீங்கள் பார்க்கவே வரக் கூடாது என்று எந்த மையம் சொல்கிறதோ, அது அந்த ஒரு வார்த்தையிலேயே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், உங்கள் பிள்ளை வயதில் இப்போது எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உள்ளே சேர்த்தே ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போடுகிற பிள்ளை, தினமும் குடித்து, நிறுத்தினால் வலிப்பு வருகிற பிள்ளை, செத்துப்போகிறேன் என்று சொல்கிற பிள்ளை, இல்லாத குரல் கேட்கிறது என்று பயப்படுகிற பிள்ளை. இவர்களை வீட்டில் வைத்துப் பேசிச் சரிப்படுத்தலாம் என்று ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தினமும் குடிக்கிறவரைச் சட்டென்று நிறுத்த வைப்பது உயிருக்கே ஆபத்து, அதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். அவசரம் என்றால் 108.

அரசு மருத்துவமனை ஓ.பி.

இதைப் பெற்றோர் யாரும் தாமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். காசு இல்லை. பிள்ளை பள்ளியை விட வேண்டியதில்லை. போதை மறுவாழ்வுக்காகக் 'கலங்கரை' என்ற பெயரில் தனிப் பிரிவுகளையும் 2025இல் அரசு தொடங்கியது. தயக்கம் எல்லாம் 'மனநலம்' என்ற பலகையில்தான். சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று அந்த அம்மாவும் கேட்டார். பெண் பிள்ளை என்றால் இந்தப் பயம் இரண்டு மடங்கு. நாளைக்குக் கல்யாணம் பேசும்போது தெரிந்துவிடும் என்று மூடி மறைத்து, படிப்பை நிறுத்தி, வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். போதையோடு சேர்த்துத் தனிமையும் அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் போனிலாவது பேசுங்கள். 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண். 14416 மனநலத்துக்கு, தமிழிலேயே பேசலாம். 1098 பிள்ளைகளே நேரடியாகக் கூப்பிடக்கூடிய எண்.

ஓ.பி.யில் ஒரு குறை உண்டு. கூட்டம். டாக்டருக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அடுத்த தேதிக்கு வராமல் போனால் யாரும் தேடி வர மாட்டார்கள். முதல் தடவை அம்மா இழுத்துக்கொண்டு வந்து, இரண்டாம் தடவை அவன் வர மறுத்து, அதோடு நின்றுபோன சீட்டுகள் எத்தனையோ. இங்கேதான் அடுத்த வழி வந்து சேர்கிறது.

ஒரு ஆள்

நான் அந்த அம்மாவிடம் கேட்டேன், "உங்க பையன் வீட்ல யார்கிட்ட அதிகமா பேசுவான்?" யோசிக்காமல் சொன்னார், "என் தம்பிகிட்டத்தான். மாமா மாமான்னு பின்னாடியே சுத்துவான்." மாமா மெக்கானிக். பொட்டலத்தைப் பார்த்ததும் அது என்னவென்று கண்டுபிடித்தவர். முந்தின இரவு நடந்த பஞ்சாயத்தில் அவரை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவரை வரச் சொன்னேன். சாயங்காலம் கிரீஸ் படிந்த கையோடு வந்தார். வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து, "டீச்சர், நான் பத்தாவது ஃபெயிலு. நான் என்ன சொல்றது அவனுக்கு?" என்றார். சொல்ல வேண்டாம், கேளுங்கள் என்றேன்.

அது வெறும் ஆறுதல் வார்த்தையில்லை. 1983இல் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், குடிநோயாளிகளோடு வாக்குவாதம் செய்யாமல் பேசுகிற முறை ஒன்றை எழுதினார். இன்று உலகம் முழுக்க போதைச் சிகிச்சையில் அதைப் பயன்படுத்துகிறார்கள். 'விடு' என்று நாம் சொன்னால், விடாமல் இருப்பதற்கான காரணங்களை அவர் அடுக்குவார். விடுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே வர வைத்தால் அது அவருடையதாகிவிடும். அதில் ஒரு கேள்வியை மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "0இலிருந்து 10 வரைக்கும், இதை விடணும்னு உனக்கு எவ்வளவு தோணுது?" அவன் 3 என்பான். நமக்கு உடனே 'ஏன் 10 இல்லை?' என்றுதான் வாயில் வரும். அதைக் கேட்கக் கூடாது. "ஏன் 1 சொல்லல?" என்று கேட்க வேண்டும். அப்போது அவன் தன் காரணத்தைத் தேடுவான்.

மாமா அதை வொர்க்‌ஷாப்பில், ஒரு பைக்கின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டிருக்கிறார். இருவர் கண்ணும் செயின்மேல். முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தால் வாய் திறக்காத பிள்ளைகள், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும்போது பேசுவார்கள். பையன் 4 என்றான். ஏன் 1 இல்லை என்றதற்கு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கபடில மூச்சு வாங்குது மாமா. அப்புறம் ஈறு எரியுது" என்றானாம். ஒரு நாளைக்கு ஐந்து என்ற கணக்கும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அப்பாவிடம் அவன் சொல்லியிருந்தது ஒன்று.

ஐந்து என்று கேட்டதும், "இன்னைக்கே விடு" என்று சொல்லத்தான் எல்லாருக்கும் தோன்றும். ஒரேயடியாக விட முடிந்தால் நல்லதுதான். நிக்கோட்டினை நிறுத்தினால் முதல் சில நாள் எரிச்சல், தலைவலி, கவனம் நிற்காமை எல்லாம் வரும், அதற்கப்புறம் மெல்ல இறங்கும். ஆனால் முடியாது என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, ஐந்தை மூன்றாக்கு, பள்ளி நேரத்தில் வேண்டாம் என்று ஒத்துக்கொள்வது தோல்வியில்லை. குறைத்தவன் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறான். முழுதாக விட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல வைக்கப்பட்டவன் பேச்சையே நிறுத்திவிடுகிறான். சொல்யூஷனுக்கும் ஊசிக்கும் இந்தத் தாராளம் கிடையாது, அங்கே அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்த வழிக்கும் ஆபத்து உண்டு. அந்த ஆள் யார் என்பதில் கவனம் வேண்டும். பிள்ளை முன்னால் குடிக்கிறவர் வேண்டாம். 'இது நமக்குள்ள இருக்கட்டும், வீட்ல சொல்லாதே' என்று ரகசியம் கட்டுகிறவரை, ராத்திரியில் தனியாகக் கூட்டிக்கொண்டு போகிறவரை, பரிசாகக் கொடுத்து வளைக்கிறவரை அருகிலேயே விடாதீர்கள். நம்பிக்கையைத் தப்பாகப் பயன்படுத்துகிறவர்களும் அன்பாகப் பேசித்தான் வருவார்கள். அதே மாதிரி, மாமாவை உளவாளி ஆக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா போன் போட்டு "என்ன சொன்னான்?" என்று கேட்டு, திங்கட்கிழமை அதை வைத்தே அவனைத் திட்டினால் மாமாவும் போய்விடுவார். உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் அம்மாவிடம் சொல்வேன், மற்றது உன்னோடது என்று மாமா முதல் நாளே அவனிடம் சொல்லிவிட்டார். அம்மாவிடமும் அதையே சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தோம். அவருக்கு அது சுலபமாக இருக்கவில்லை.

ஒரு மாமாவால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஐஸ்லாந்தைச் சொல்வேன். அங்கே 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தின மாதத்தில் ஒரு தடவையாவது போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23இலிருந்து 3 சதவீதமாக இறங்கினார்கள். பெற்றோர் பிள்ளைகளோடு அதிக நேரம் இருக்கும்படி ஊர் ஊராகப் பேசினார்கள், இரவில் வெளியே சுற்றுவதற்கு நேரம் வகுத்தார்கள், விளையாட்டுக்கும் இசைக்கும் போக உதவித்தொகை கொடுத்தார்கள். சின்ன நாடு, பணம் உள்ள நாடு, அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் கூடவே இருக்கும் பெரியவர்களை வைத்துத்தான் அவர்கள் அதைச் சாதித்தார்கள்.

ஆக, அந்த அம்மாவுக்கு நான் சொன்ன வரிசை இது. பெல்ட்டை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். கார்டைக் கிழித்துப் போடுங்கள். ஹாஸ்டல் பேச்சை இந்த வருடம் எடுக்காதீர்கள். கடையைப் பற்றிப் புகார் கொடுக்கிற வேலையை என்னிடம் விடுங்கள். ஓ.பி.க்குப் போகட்டும், ஆனால் மாமாவோடு போகட்டும். நீங்களும் அப்பாவும் ஒரு மாதத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்காமல், கபடி எப்படிப் போகிறது என்று மட்டும் கேளுங்கள். அப்பா கடைசி வரைக்கும் இதை நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் பெல்ட்டை எடுக்கவில்லை.

ஏழாவது வாரம் அந்த அம்மா மறுபடி வந்தார். முகம் வாடியிருந்தது. மாவட்டப் போட்டியில் தோற்ற அன்று பஸ்ஸிலேயே இரண்டு பொட்டலம் போட்டுவிட்டானாம். அதற்கு முந்தின பத்து நாள் ஒன்றுகூட இல்லை. "யார் சொன்னாங்க?" என்று கேட்டேன். "அவனேதான். ராத்திரி பத்து மணிக்கு என் தம்பிக்குப் போன் போட்டு அழுதிருக்கான். அப்புறம் அவனே வந்து என்கிட்டயும் சொன்னான்." சொல்லிவிட்டு, இதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்வதா, கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல செய்திம்மா என்றேன். வியாழக்கிழமை ஓ.பி. தேதி. மாமா வொர்க்‌ஷாப்பை அரை நாள் மூடிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.